ரியாத்தில் மூன்று வைத்தியசாலைகள்: சவூதி தேசிய காவல் படை யாரைக் காக்கிறது?

எங்கள் ஊரைச் சேர்ந்த ஒரு நானா, பதினொரு வருடங்கள் ரியாத்தில் சாரதியாக வேலை செய்துவிட்டு வந்து சேர்ந்திருக்கிறார். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் பள்ளிவாசல் முன்றலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சேர், அங்க படைக்காரங்களுக்கு மூணு பெரிய ஹொஸ்பிடல் இருக்கு. ஒன்னு ஆமிக்கு. ஒன்னு பொலிஸ்காரங்களுக்கு. இன்னொன்னு ஹரஸுல் வதனிக்கு. மூணுக்கும் நான் ஆள் ஏத்தி இறக்கியிருக்கேன். ஒரே நாடு, ஒரே மன்னர். ஏன் மூணு?"

பாடசாலையில் வரலாறு கற்பிப்பவன் என்பதால் ஊரில் இப்படியான கேள்விகள் என்னிடம் வருவதுண்டு. இது நல்ல கேள்வி. சவூதி அரச குடும்பம் எப்படி இத்தனை ஆண்டுகள் ஆட்சியில் நிலைத்திருக்கிறது என்பதற்கான விடையில் பெரும் பகுதி இந்த மூன்று வைத்தியசாலைகளுக்குள் இருக்கிறது. நம் வீடுகளில் இருந்து ஆண்களும் பெண்களும் போய் உழைக்கும் நாடு அது. ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போய் வருகிறோம். ஆனாலும் அந்த நாட்டின் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள முயன்றது குறைவு. அங்கே ஒரு இளவரசர் பதவி நீக்கப்பட்டால், நம்மவர்கள் அதை உடனே மார்க்க விவகாரமாக்கி, கொள்கை சார்ந்து இரண்டு அணியாகப் பிரிந்து முகநூலில் மோதிக்கொள்கிறார்கள். யாருடைய கையில் எந்தப் படை இருந்தது என்று யாரும் கேட்பதில்லை.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். 'நெஷனல் கார்ட்' என்றதும் அமெரிக்காவின் நெஷனல் கார்ட் பலருக்கு நினைவு வரும். அது மாநில ஆளுநர்களின் கீழ் இயங்கும், பெரும்பாலும் பகுதிநேரப் படை. எங்கள் நாட்டு இராணுவத்திலும் இதே ஆங்கிலப் பெயரில் ஒரு படையணி உண்டு. அது இராணுவத்தின் ஓர் அங்கம். சவூதியின் 'அல் ஹரஸ் அல் வதனி' இவை இரண்டையும் போன்றதல்ல. அது இராணுவத்தின் பகுதியும் அல்ல, பாதுகாப்பு அமைச்சின் கீழும் இல்லை. இராணுவத்துக்கு அருகிலேயே, இராணுவத்துக்குச் சமமாக, தனித்து நிற்கும் இரண்டாவது தரைப்படை. அதன் தலைவர் நேரடியாக மன்னருக்கே பதில் சொல்ல வேண்டியவர்.

இதன் வேர் இக்வான்களிடம் இருக்கிறது. இவர்கள் எகிப்தின் இக்வானுல் முஸ்லிமூன் அல்ல. பெயர் ஒன்று, ஆட்கள் வேறு. மன்னர் அப்துல் அஸீஸ் 1912ஆம் ஆண்டளவில் நஜ்த் பாலைவனத்தின் நாடோடி அரபுக் கோத்திரங்களை 'ஹிஜ்ரா' எனப்பட்ட குடியேற்றங்களில் அமர்த்தத் தொடங்கினார். அல் அர்தாவிய்யா அவற்றில் முதலாவது. ஒட்டகத்தோடு அலைந்தவர்கள் அங்கே விவசாயமும் மார்க்கமும் படித்தார்கள். அழைப்பு வந்ததும் வாளோடு புறப்பட்டார்கள். ஹாயிலும் ஹிஜாஸும் அவர் கைக்கு வந்ததில் இவர்களின் பங்கு பெரிது.

பிரச்சினை பின்னர் வந்தது. ஈராக், ஜோர்தான், குவைத் எல்லைகளில் பிரித்தானியா கோடு போட்டிருந்தது. அந்தக் கோட்டோடு நிற்க மன்னர் தயார், இக்வான்கள் தயாரில்லை. அல் துவைஷ், இப்னு பிஜாத் ஆகிய தலைவர்கள் கிளர்ந்தார்கள். 1929 மார்ச்சில் ஸபிலா என்ற இடத்தில், தன்னை அரியணையில் ஏற்றிய அதே கோத்திரப் போராளிகளை மன்னர் முறியடித்தார்.

தோற்றவர்களை அவர் முற்றாக ஒதுக்கிவிடவில்லை. விசுவாசமாக நின்ற கோத்திரங்களையும் பணிந்து வந்தவர்களையும் பதிவேட்டில் சேர்த்து மாதக் கொடுப்பனவு கொடுத்து வைத்துக்கொண்டார். சீருடை இல்லாமல் வெள்ளைத் தோப் அணிந்தே வந்ததால் மக்கள் அவர்களை 'வெள்ளைப் படை' என்றார்கள். 1950களின் நடுப்பகுதியில் அதுவே தேசிய காவல் படை என்ற பெயரைப் பெற்றது.

ஏன் அப்போது? சுற்றுப்புறத்தைப் பார்த்தால் விளங்கும். 1952 ஜூலையில் எகிப்து மன்னர் பாரூக்கை அவருடைய இராணுவ அதிகாரிகளே அனுப்பிவைத்தார்கள். 1958 ஜூலை 14இல் ஜோர்தானுக்குப் போகுமாறு கட்டளை பெற்ற ஈராக்கியப் படைப்பிரிவு பக்தாத் வழியாகப் போகும்போது அங்கேயே நின்றுவிட்டது. இளம் மன்னர் இரண்டாம் பைஸலும் குடும்பத்தினரும் அரண்மனை முற்றத்தில் கொல்லப்பட்டார்கள். யெமனில் நடந்தது இன்னும் பாடமானது. 1962 செப்டம்பரில் இமாம் அல் பத்ர் தந்தையின் இடத்துக்கு வந்தார். தனது மெய்க்காவல் படைக்கு அப்துல்லாஹ் அல் ஸல்லால் என்ற அதிகாரியைத் தலைவராக்கினார். ஒரே வாரத்தில் அரண்மனையை நோக்கிச் சுட்டவர்களின் தலைவர் அதே ஸல்லால்தான்.

இந்த மூன்று நாடுகளிலும் மன்னரை விழுத்தியது அந்நிய எதிரி அல்ல. மன்னரே சம்பளம் கொடுத்து, வெளிநாட்டில் பயிற்சி கொடுத்து வளர்த்த நவீன இராணுவம். படித்த அதிகாரிகள், வானொலியில் நாஸரின் உரையைக் கேட்டவர்கள். சவூதியிலும் அதே வானொலி கேட்டது. 1969இல் சவூதி விமானப்படை அதிகாரிகள் பலர் சதி முயற்சிக் குற்றச்சாட்டில் கைதாகினர். (நம் நாட்டிலும் 1962 ஜனவரியில் ஒரு இராணுவ, பொலிஸ் சதி முயற்சி நடந்தது என்பதை உயர்தர மாணவர்களுக்குச் சொன்னால் இன்றும் வாய் பிளக்கிறார்கள். அந்தக் காலத்தின் காற்று அப்படி.)

ஆகவே ஒரு மன்னராட்சிக்கு முன்னால் இருந்த சிக்கல் இது: பலமான இராணுவம் இல்லாவிட்டால் அயல்நாடு விழுங்கும்; பலமான இராணுவம் இருந்தால் அதுவே விழுங்கும். சவூதி கண்ட வழி, இரண்டு படைகளை வைத்து ஒன்றை மற்றொன்று பார்த்துக்கொள்ளச் செய்வது.

அந்த ஏற்பாடு வரைபடத்திலேயே தெரியும். வழமையான இராணுவத்தின் பெரிய முகாம் நகரங்கள் எல்லைகளை நோக்கியவை: வடமேற்கில் தபூக், தெற்கில் கமீஸ் முஷைத், வடகிழக்கில் ஹபர் அல் பாதின். தேசிய காவல் படையோ தலைநகர் ரியாத்தைச் சுற்றியும், மேற்கே ஹிஜாஸிலும், எண்ணெய் வயல்கள் உள்ள கிழக்கிலும் நிற்கிறது. இராணுவத்திடம் கனரகத் தாங்கிகள். காவல் படையிடம் நீண்ட காலம் சக்கரம் பூட்டிய இலகு கவச வாகனங்களே இருந்தன. பாலைவனத்தில் இன்னொரு நாட்டோடு பொருதுவதைவிட நகரத்துக்குள் விரைந்து ஓடிப்போய் ஒரு சந்தியை அடைப்பதற்கு ஏற்றவை அவை. பல ஆண்டுகளாக 75,000 முழுநேர வீரர்களும் 25,000 கோத்திரப் படையினரும் என்று இராணுவ ஆய்வாளர்கள் மதிப்பிட்டு வந்தார்கள். வழமையான தரைப்படைக்கு ஏறத்தாழ நிகரான தொகை இது.

ஆனால் எண்ணிக்கையும் ஆயுதமும் மட்டும் விசுவாசத்தைத் தராது. யெமன் இமாமிடமும் மெய்க்காவலர் இருந்தார்கள்தானே? லிபியாவில் மன்னர் இத்ரீஸும் இதே யோசனையைச் செய்து பார்த்தவர். பர்க்கா பிரதேசக் கோத்திரங்களிலிருந்து தனக்கென ஒரு பாதுகாப்புப் படையை இராணுவத்துக்குப் போட்டியாக வைத்திருந்தார். 1969 செப்டம்பர் முதலாம் திகதி, அவர் சிகிச்சைக்காகத் துருக்கியில் இருந்தபோது, கதாபி என்ற 27 வயது அதிகாரி ஆட்சியைப் பிடித்தார். அந்தப் படை கைகட்டி நின்றது.

சவூதியில் வேறுபாடு எங்கே இருந்தது? நானா கேட்ட வைத்தியசாலை இங்கேதான் வருகிறது. காவல் படையில் சேர்வது ஒருவர் தனியாக எடுக்கும் தொழில் அல்ல. கோத்திரமே சேர்ந்துகொள்ளும் உறவு. வாப்பா இருந்த இடத்தில் மகன் வருவார். கோத்திரப் பிரிவுகளுக்கு அந்தந்தக் கோத்திரத்து ஷெய்க் குடும்பத்தவரே முன்னிற்பார்கள். கொடுப்பனவும் அவர்கள் வழியே போகும். சேர்ந்தவருக்கு வீடு, பிள்ளைகளுக்குப் பாடசாலை, முதிய பெற்றோருக்கு மருத்துவம். ரியாத்தில் காவல் படை கட்டிய மன்னர் அப்துல் அஸீஸ் மருத்துவ நகரம் ஒட்டிப் பிறந்த இரட்டைக் குழந்தைகளைப் பிரிக்கும் சத்திரசிகிச்சைகளால் உலகப் பெயர் பெற்றது. அதனோடு ஒரு சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் உண்டு. ஒட்டக ஓட்டத்தோடு கொண்டாடப்பட்ட ஜனாதிரிய்யா கலாசார விழாவை 1985இல் ஆரம்பித்ததும் காவல் படையே. ஒரு படை ஏன் விழா நடத்தியது? பாலைவனத்து மக்களுக்கு 'உங்கள் மரபை நாங்கள் மதிக்கிறோம்' என்று வருடாவருடம் சொல்வதற்குத்தான். ஸபிலாவில் தோற்றவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அரண்மனையோடு ஒட்டிக்கொள்ள ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணம் மாதச் சம்பளமாகவும் மருந்துச் சீட்டாகவும் வீட்டுக்கு வந்தது. இத்ரீஸிடம் கோத்திரம் இருந்தது. ஆனால் அந்த அளவு எண்ணெய்ப் பணத்தைக் கொண்டு இப்படி இரண்டு தலைமுறை கட்டியெழுப்ப அவருக்குக் காலம் கிடைக்கவில்லை.

இதுவரை சொன்னது மன்னராட்சியை இராணுவத்திடமிருந்து காத்த கதை. அதைவிட நுட்பமான இன்னொரு வேலையையும் இந்தப் படை செய்தது: அரச குடும்பத்தை அந்தக் குடும்பத்திடமிருந்தே காத்தது.

அப்துல் அஸீஸின் பின் வந்த மன்னர் சுஊதுக்கும் தம்பி பைஸலுக்கும் இடையில் பனிப்போர். அப்போது காவல் படை சுஊதின் மகன்மார் கையில் இருந்தது. 1960களின் ஆரம்பத்தில் பைஸலின் கை ஓங்கியதும் அது இன்னொரு சகோதரரான அப்துல்லாஹ்விடம் ஒப்படைக்கப்பட்டது. 1964இல் முறுகல் உச்சத்துக்குப் போனது. மன்னர் சுஊத் தனது நாஸிரிய்யா அரண்மனையில் அரச மெய்க்காவல் படையோடு இருந்தார். அரண்மனையைச் சுற்றி வந்து நின்றது தேசிய காவல் படை. பெரிய இரத்தக்களரி இல்லை. மெய்க்காவல் படை பணிந்தது, உலமாக்கள் பத்வா கொடுத்தார்கள், நவம்பர் 2இல் சுஊத் பதவி இழந்தார்.

கவனியுங்கள்: மன்னராட்சியைக் காக்கும் படை அன்று பதவியிலிருந்த மன்னருக்கு எதிராகவே நின்றது. அது காத்தது ஒரு தனி மனிதரை அல்ல, குடும்பத்தின் கூட்டு முடிவை. பைஸலையும் 1975இல் சொந்த மருமகன் ஒருவரே சுட்டுக் கொன்றார் என்பது வேறு விடயம்; கைத்துப்பாக்கியோடு வந்து ஸலாம் சொல்லும் உறவினரை எந்தப் படையாலும் தடுக்க முடியாது.

அப்துல்லாஹ் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காவல் படையைத் தன் கையில் வைத்திருந்தார். 2005இல் மன்னரான பிறகும் விடவில்லை; 2010இல்தான் மகன் முத்இபிடம் கொடுத்தார். இதன் அர்த்தம் விளங்க அவருடைய உம்மாவைப் பற்றித் தெரிய வேண்டும். அவர் ஷம்மர் கோத்திரத்தவர். அப்துல்லாஹ்வுக்கு ஒரே உம்மா வயிற்றுச் சகோதரர் ஒருவரும் இல்லை. எதிரில் ஸுதைரி உம்மாவின் ஏழு ஆண்மக்கள்: பஹ்த், பாதுகாப்பு அமைச்சைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்த ஸுல்தான், 1975 முதல் உள்துறையை வைத்திருந்த நாயிப், இன்றைய மன்னர் ஸல்மான் என்று வரிசை. கூடப்பிறந்த ஆறு பேர் இல்லாத அப்துல்லாஹ்வுக்கு ஒரு படை இருந்தது. ஸுல்தானிடம் இராணுவம், நாயிபிடம் பொலிஸும் உளவும், அப்துல்லாஹ்விடம் காவல் படை. மூவருக்கும் மூன்று படை, மூன்று வரவுசெலவு, மூன்று வைத்தியசாலை. நானா பார்த்த மூன்று கட்டடங்களும் அந்த ஏற்பாட்டின் சின்னங்கள். எவர் ஒருவரும் மற்ற இருவரைக் கேளாமல் பெரிதாக எதுவும் செய்ய முடியாத நிலை அது. மெதுவான ஆட்சி, சலிப்பூட்டும் ஆட்சி. ஆனால் ஒருவரின் அவசரத்துக்கு நாடே விலை கொடுக்காமல் இருந்ததற்கு அந்த மெதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இந்தப் படையை ஒரு காவல் தெய்வம் போல காட்ட நான் விரும்பவில்லை. 1979 நவம்பர் 20, ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாள், மக்காவின் ஹரம் ஷரீபை ஆயுதக் கும்பல் ஒன்று கைப்பற்றியது. அதன் தலைவன் ஜுஹைமான் அல் உதைபி தேசிய காவல் படையின் முன்னாள் வீரன். பிறந்தது ஸாஜிர் என்ற இக்வான் குடியேற்றத்தில். ஐம்பது வருடங்களாகச் சம்பளமும் சலுகையும் கொடுத்து ஆற்றிவிட்டதாக நினைத்த காயம் அதே படையின் உள்ளேயே ஆறாமல் இருந்திருக்கிறது. இரண்டு வாரம் நீடித்த அந்த முற்றுகையில், உள்ளே இருந்தவர்களை எதிர்த்து நின்ற அரச படைகளில் காவல் படையும் ஒன்று.

அதே நாட்களில் கிழக்கே கதீபில் ஷீஆ மக்களின் ஆர்ப்பாட்டங்களை அடக்க அனுப்பப்பட்டதும் காவல் படைதான், உயிர்கள் போயின. 2011 மார்ச் 14இல் பஹ்ரைன் மன்னரின் அழைப்பில் பாலத்தைக் கடந்து போன சவூதித் துருப்புகளிலும் இவர்கள் இருந்தார்கள். 1991 ஜனவரி இறுதியில் ஈராக்கியப் படை கப்ஜி நகரைப் பிடித்தபோது கத்தார் தாங்கிகளோடு சேர்ந்து போரிட்டு மீட்டார்கள்; அது அந்நியப் படைக்கு எதிரான உண்மையான போர், அந்தப் பெருமை அவர்களுக்கு உண்டு. ஆயினும் ஒரு படை எதற்காக அமைக்கப்பட்டதோ அதற்கே அதிகம் பயன்படும். உள்நாட்டை நோக்கி நிறுத்திய துப்பாக்கி உள்நாட்டு மக்களைத்தான் முதலில் பார்க்கும். 'வதனி' என்றால் தேசத்துக்குரியது. கதீபில் வாழ்பவரும் தேசம்தானே என்ற கேள்விக்கு அந்தப் பெயரில் பதில் இல்லை.

பயிற்சி கொடுத்தது யார் என்பதையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். 1975இல் வின்னெல் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு 77 மில்லியன் டொலர் ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. பிரித்தானிய இராணுவக் குழுவும் நெடுங்காலம் அங்கே இருந்தது. 1995 நவம்பரில் ரியாத்தில் அமெரிக்கப் பயிற்சிக் குழுவின் அலுவலகம் குண்டுவைக்கப்பட்டு ஐந்து அமெரிக்கர்களோடு இரண்டு இந்தியர்களும் இறந்தார்கள். வெளியாரிடம் பயின்ற கோத்திரப் படை என்ற முரண்பாட்டுக்கு, பிழைக்கப் போன தெற்காசியரும் விலை கொடுத்தார்கள்.

இனி அண்மைக் காலம். 2013 மே மாதம் மன்னர் அப்துல்லாஹ் காவல் படையைத் தனி அமைச்சாக்கி மகன் முத்இபை அமைச்சராக்கினார். தன் பின்னும் மகன் கையில் அது நிலைக்க வேண்டும் என்ற எண்ணம் வெளிப்படை. 2015 ஜனவரியில் அப்துல்லாஹ் மௌத்தானார். ஸல்மான் மன்னரானார், மகன் முஹம்மத் பாதுகாப்பு அமைச்சரானார். முதல் கால் வைக்கப்பட்டுவிட்டது. 2017 ஜூனில் முடிக்குரிய இளவரசரும் உள்துறை அமைச்சருமான முஹம்மத் பின் நாயிப் நீக்கப்பட்டு, அந்த முடிக்குரிய இடத்துக்கு முஹம்மத் பின் ஸல்மான் வந்தார். உள்துறையின் உளவு, பாதுகாப்புப் பிரிவுகள் பிரித்தெடுக்கப்பட்டு மன்னரின் நேரடிப் பார்வைக்குக் கொண்டுவரப்பட்டன. எஞ்சியது காவல் படை ஒன்றுதான். 2017 நவம்பர் 4ஆம் திகதி இரவு முத்இப் பதவி நீக்கப்பட்டார். அதே இரவில் ஊழல் குற்றச்சாட்டில் பல இளவரசர்களோடு ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் தடுத்துவைக்கப்பட்டார். ஒரு பில்லியன் டொலருக்கு மேல் செலுத்த இணங்கி மூன்று வாரங்களில் வெளியே வந்தார் என்று செய்தி நிறுவனங்கள் எழுதின. அடுத்த ஆண்டு டிசம்பரில், இளவரசர் முஹம்மதுக்கு நெருக்கமானவராகக் கருதப்படும் அப்துல்லாஹ் பின் பந்தர் அந்த அமைச்சுக்கு வந்தார்.

அரை நூற்றாண்டு மூன்று கைகளில் இருந்தது மூன்று ஆண்டுக்குள் ஒரு கைக்கு வந்தது. ஒரு துப்பாக்கிச் சத்தமும் கேட்கவில்லை. அப்துல்லாஹ்வின் குடும்பத்துக்கே உரியது என்று எல்லோரும் நினைத்த படை, தளபதிக்காக ஒரு வாகனத்தையும் வெளியே எடுக்கவில்லை. இதை வைத்து 'காவல் படை தோற்றுவிட்டது' என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 1964இல் நடந்ததே இதுவும்: படை மனிதரைக் காக்கவில்லை, அரியணையைக் காத்தது. வேறுபாடு, 1964இல் அரியணை என்றால் ஒரு குடும்பத்தின் மஷூரா. 2017இல் அது ஒரு மனிதர்.

இப்னு கல்தூன் முகத்திமாவில் அஸபிய்யா பற்றிச் சொன்னது ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் மனப்பாடம் செய்து, பரீட்சையோடு மறந்த விடயம். கோத்திரப் பிணைப்பால் ஒரு குடும்பம் ஆட்சிக்கு வரும். வந்த பிறகு ஆட்சியாளர் பெருமையைப் பங்கிட விரும்பாமல் தன்னைத் தூக்கிவிட்டவர்களை ஒதுக்கி, கூலிக்கு நிற்பவர்களை அருகில் வைப்பார். சில தலைமுறைகளில் பிணைப்பு நூலாகித் தேயும். சவூதி குடும்பம் இந்த விதியைக் காவல் படை என்ற ஒன்றைக் கொண்டு தள்ளிப்போட்டது. கோத்திரத்தையே கூலிக்காரராக்கி, அந்தக் கூலியைக் குடும்பச் சகோதரர் ஒருவர் கையால் கொடுத்தது. இப்போது கூலி தொடர்கிறது. கொடுக்கும் கை மாறியிருக்கிறது. கோத்திரத்து ஷெய்க்குகளுக்கு அரண்மனையில் இருந்த 'நம்ம ஆள்' இப்போது இல்லை. எண்ணெய் விலை நன்றாக இருக்கும்வரை இது வெளியே தெரியாது.

இவ்வளவையும் நானாவிடம் சுருக்கமாகச் சொன்னேன். ஆறுதலாகக் கேட்டார். 2017 நவம்பரில் அவர் ரியாத்தில்தான் இருந்திருக்கிறார். அந்த இரவில் ஏதாவது பார்த்தீர்களா, வீதியில் படை நின்றதா என்று கேட்டேன்.

"ஒன்னுமில்ல சேர். நான் டியூட்டி முடிஞ்சி படுத்துட்டேன். விடியக்க வீட்டிலிருந்து கோல் வந்துதான் விசயமே தெரியும். 'அங்க ஏதோ பிரச்சினையாமே, சம்பளம் வருமா?'ன்னு மனுசி கேட்டாள்."

வந்ததா என்று கேட்டேன். "வந்திச்சி. அதே திகதிக்கு வந்திச்சி" என்றார். இகாமத் சொல்லும் சத்தம் கேட்டு எழுந்தோம்.